பரணிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

வடக்கு கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ மாவட்டத்தில் ஆண்டர்சன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பூன்வில் என்ற சிற்றூரை ஒட்டி, 128ஆம் நெடுஞ்சாலையோரம், சிவப்புப் பூச்சு பூசிய ஒரு மரக்கட்டடம். 1891இல் கட்டிய கான் க்ரீக் பள்ளிக்கூடம். ஒரே ஒரு அறைதான். இன்று அது அந்தப் பள்ளத்தாக்கின் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம். நடத்துவது ஊர்க்காரர்களின் வரலாற்றுச் சங்கம்.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் சுற்றுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. பழைய ஓரறைப் பள்ளிக்கூடம், அதற்குள் உள்ளூர் அருங்காட்சியகம் என்ற ஜோடி அவ்வளவு சகஜம். அரசின் அருங்காட்சியக நூலகச் சேவை நிறுவனம் 2014இல் எடுத்த கணக்கில், நாடு முழுவதும் 35 ஆயிரத்துக்கும் மேல் அருங்காட்சியகங்கள் இருந்தன. அவற்றில் கிட்டத்தட்ட பாதி, உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களும் அந்த வகையறாவும்தான். நியூயார்க்கின் பெரிய மாளிகைகளை மனதில் வைத்து 'அமெரிக்க அருங்காட்சியகம்' என்று பேசுகிறோம். எண்ணிக்கையைப் பார்த்தால், சனி ஞாயிறு பிற்பகல் மட்டும் யாரோ ஒரு பெரியவர் வந்து கதவைத் திறந்துவிடும் இந்தச் சின்ன இடங்கள்தான் அதிகம்.

சரி, ஏன் எப்போதும் பள்ளிக்கூடம்? பதிலுக்கு 1785 வரை போக வேண்டும். மேற்கு நிலங்களை அளந்து விற்க அந்த ஆண்டு வந்த சட்டம், நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கச் சொன்னது. ஒவ்வொரு சதுரத்திலும் 36 பங்கு, பங்குக்கு 640 ஏக்கர். அதில் 16ஆவது பங்கு பள்ளிக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. பின்னால் வந்த கலிஃபோர்னியாவுக்கு 36ஆவது பங்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்தப் பங்கிலேயே பள்ளி கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணம் பள்ளிக்குப் போனால் போதும். கட்டடம் எழுந்தது பெரும்பாலும் ஏதாவது ஒரு விவசாயி தன் வயலின் மூலையில் விட்டுக்கொடுத்த அரை ஏக்கர், ஒரு ஏக்கரில்தான்.

பிள்ளைகள் நடந்து வர வேண்டும். அதனால் இரண்டு மூன்று மைலுக்கு ஒரு பள்ளி. பள்ளத்தாக்கு நீளமாக இருந்தால், ஆற்றங்கரையோரம் வரிசையாக நாலைந்து பள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆசிரியர். பல இடங்களில் சுற்றுவட்டாரத்துக்கே பொதுவாக இருந்த ஒரே கட்டடமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை, தேர்தல் வாக்குப்பதிவு, நடனம், ஊர்க்கூட்டம், சில சமயம் இழவு எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். ஊரின் நினைவுகள் அங்கே வந்து குடியேறியது தற்செயல் இல்லை. அவை வேறு இடத்தில் இருந்ததே இல்லை.

அப்புறம் சாலை வந்தது, பள்ளிப் பேருந்து வந்தது. 1929-30 கல்வியாண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1 லட்சத்து 49 ஆயிரம் ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. இருபது ஆண்டில் அது 60 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அடுத்த பத்தாண்டில் சுமார் 20 ஆயிரம். 1970ஐ ஒட்டி 2 ஆயிரம்கூட இல்லை. மூடியவை வைக்கோல் போட்டு வைக்கும் கொட்டகையாயின, வீடாயின, எரிந்தும் போயின. தப்பித்தவற்றில் ஒரு பகுதிக்கு 1976இல் அதிர்ஷ்டம் அடித்தது. நாடு சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது ஊர் ஊருக்கு வரலாற்றுச் சங்கங்கள் முளைத்தன. சங்கம் என்றால் அதற்கு ஒரு இடம் வேண்டும். சும்மா பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடம் கண் எதிரே நின்றது.

ஆனால் எடுத்த எடுப்பில் அதை அருங்காட்சியகமாக மாற்றிவிட முடியாது. விவசாயி நிலம் கொடுத்தபோது எழுதிய பத்திரத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் தவறாமல் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. இல்லினாய் மாநிலத்தின் லாரன்ஸ் மாவட்டத்தில் 1941இல் ஒரு தம்பதி பள்ளிக்கு ஒன்றரை ஏக்கர் எழுதிக்கொடுத்தார்கள். இந்த நிலம் பள்ளி உபயோகத்துக்கு மட்டும், இல்லாவிட்டால் கொடுத்தவர்களுக்கே திரும்பும் என்று ஒரு வரி. 1973இல் வகுப்புகள் நின்றன. அதன் பிறகு கட்டடத்தைப் பள்ளி நிர்வாகம் கிடங்காக வைத்துக்கொண்டது. நிலம் இப்போது யாருடையது என்று வழக்கு. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. பள்ளி உபயோகம் நின்ற நொடியே, யாரும் போய்க் கேட்காமலேயே, நிலம் தானாகத் திரும்பிவிடும் என்பதுதான் அதற்குப் பொருள் என்றது. சாமான் போட்டு வைப்பது பள்ளி உபயோகமா என்ற கேள்வியில் வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தது.

பள்ளிக்கூடத்தை அருங்காட்சியகமாக்க நினைக்கும் எந்தச் சங்கத்துக்கும் இது வயிற்றைக் கலக்கும் விஷயம். பிள்ளைகள் சுற்றுலா வந்து பார்த்துவிட்டுப் போகும் அருங்காட்சியகம் 'பள்ளி உபயோகம்' ஆகுமா? நிலம் கொடுத்தவரின் பேரன் பேத்திகள் நாலு மாநிலங்களில் சிதறிக் கிடப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கித்தான் சில இடங்களில் கூரைக்கு ஓடே மாற்ற முடியும்.

இடம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன வைப்பது? இங்கேதான் இந்த அருங்காட்சியகங்களின் பலமும் கோளாறும் ஒன்றாக இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகம் தனக்கு வேண்டியதைத் தேடிப் போய் வாங்கும். இவர்களிடம் பணம் இல்லை. வருவதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருவது எங்கிருந்து? பரணிலிருந்து. பாட்டி காலமானதும் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்வார்கள். தூக்கிப் போட மனசு வராது, எடுத்துப் போகவும் இடம் இல்லை. அப்போது நினைவுக்கு வருவது ஊர் அருங்காட்சியகம். அதனால்தான் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் அதே வெண்ணெய் கடையும் பீப்பாய், அதே இரும்பு இஸ்திரிப்பெட்டி, அதே மிதிதையல் இயந்திரம்.

பொருள் வந்ததும் அதற்கு ஒரு சேர்க்கை எண் போடுவது முறை. 1987.14.3 என்று எழுதியிருந்தால், 1987இல் வந்த பதினாலாவது நன்கொடையின் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். அந்த எண்ணும், கொடுத்தவர் கையெழுத்திட்ட தாளும் இல்லையென்றால், பொருள் யாருடையது, எங்கே புழங்கியது என்று சொல்ல ஆளில்லாமல் போய்விடும். தொடக்க காலச் சங்கங்கள் பலவற்றில் இதெல்லாம் வாய்வார்த்தையாகவே நடந்தது. 'நிரந்தர இரவல்' என்று விசித்திரமான பெயரில் பொருளைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. முப்பது ஆண்டு கழித்துப் பேரன் வந்து தாத்தாவின் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்பான். அவன் கேட்பது நியாயமா என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது.

கட்டடமும் சும்மா இருப்பதில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் கட்டிய பள்ளி என்பதால் இரு பக்கச் சுவரிலும் பெரிய பெரிய ஜன்னல்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அது. துணிக்கும் காகிதத்துக்கும் அதே வெளிச்சம் விஷம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; பழந்துணிக்கு அது 50ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். வெயில் நாளில் ஜன்னலோரத்தில் அது ஆயிரக்கணக்கில் போகும். வெளிச்சத்தால் வந்த சேதம் திரும்பவும் சரியாகாது, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். 1890களின் கல்யாண உடையை ஜன்னல் அருகே பொம்மைக்கு மாட்டிவைத்தால், சில ஆண்டுகளில் தோள்பட்டை மட்டும் வெளுத்துப்போய் நிற்கும். இன்னொரு பக்கம் எலி, ஈரம், வெள்ளிப்பூச்சி. பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் இருந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தடவியிருப்பார்கள். வருகிற பிள்ளைகள் முதலில் தடவிப் பார்க்க ஆசைப்படுவது அந்தக் கரடியைத்தான்!

சுவரில் தொங்கும் ஒரு தாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. '1872ஆம் ஆண்டு ஆசிரியர் விதிகள்' என்று தலைப்பு. ஆசிரியர் தினமும் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கூடைக் கரியும் கொண்டுவர வேண்டும், கல்யாணம் செய்துகொள்ளும் ஆசிரியைக்கு வேலை போகும் என்று வரிசையாகப் போகும். பார்வையாளர்கள் சிரித்து, படம் எடுத்து, நண்பர்களுக்கு அனுப்புவார்கள். சிக்கல் என்னவென்றால், இதே பட்டியல் நாடு முழுக்கப் பல பள்ளிக்கூட அருங்காட்சியகங்களில், ஒவ்வொன்றிலும் தங்கள் ஊர் விதியாகவே தொங்குகிறது. மூல ஆவணம் என்று ஒன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. கல்யாணமான ஆசிரியைகளை வேலையை விட்டு அனுப்பியது மட்டும் நிஜம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பல இடங்களில் அது நடைமுறையில் இருந்தது. அதற்கு நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளே சாட்சி. அவை அதே கட்டடத்தில், பின்னறைப் பெட்டியில் இருக்கக்கூடும். ஆனால் படம் எடுக்க அழகாக இருப்பது போலித் தாள்.

கட்டடத்தின் நிறத்திலும் இதே மாதிரி ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சின்னச் சிவப்புப் பள்ளிக்கூடம்' என்பது அமெரிக்கர்களுக்குத் தேய்ந்துபோன சொற்றொடர். உண்மையில் ஓரறைப் பள்ளிகளில் பெரும்பாலானவை வெள்ளை, இல்லையென்றால் பூச்சே காணாத பலகை. சிவப்பு என்பது பிற்பாடு ஏக்கத்தில் பூசிக்கொண்ட நிறம்.

என்னைக் கேட்டால், இந்த இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது வருகைப் பதிவேடு. அடுப்பையும் மைக்கூட்டையும் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவேட்டின் கட்டங்களில் ஊரின் பொருளாதாரம் முழுவதும் கிடக்கும். பெரிய பையன்களின் பெயருக்கு நேரே குளிர்காலத்தில் மட்டும் வருகை விழுந்திருக்கும். உழவும் அறுப்பும் வந்தால் கட்டங்கள் காலி. பீருக்கான ஹாப்ஸ் பூ பயிரிட்ட பள்ளத்தாக்குகளில் பறிப்பு முடியாமல் பள்ளி களைகட்டாது. தொற்றுநோய் வந்த வாரம் பக்கம் முழுக்க வெறுமை. ஒரே குடும்பத்துப் பெயர் திடீரென்று நின்றுபோனால், அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போயிருக்கும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடந்திருக்கும்.

ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவே முடியாத ஒரு பொருளும் உண்டு, ஒரு மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூன்வில்காரர்கள் தங்களுக்குள் ஒரு குழூஉக்குறி உண்டாக்கிப் பேச ஆரம்பித்தார்கள். பெயர் பூன்ட்லிங். ஆயிரத்துக்கும் மேல் சொற்கள் சேர்ந்தன. ஹாப்ஸ் தோட்டத்தில் தொடங்கியதா, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையிலா, பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புரியாமல் பேசக் கண்டுபிடித்ததா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காப்பிக்குப் பெயர் 'ஸீஸ்'. காப்பியைக் கஷாயம் மாதிரி போடும் ஒரு ஆளின் பெயரின் முதலெழுத்துகள் அவை. பொதுத் தொலைபேசி 'பக்கி வால்ட்டர்'. பக்கி என்றால் ஐந்து சென்ட் நாணயம், வால்ட்டர் என்பது பள்ளத்தாக்கில் முதலில் தொலைபேசி வைத்திருந்தவரின் பெயர். நகரத்து ஆசாமி 'பிரைட் லைட்டர்', அதாவது பளிச்சென்று விளக்கு எரியும் ஊர்க்காரன்.

கவனித்தால், இந்த மொழியும் ஒரு உள்ளூர் அருங்காட்சியகம்தான். ஊரில் யார் எப்படி இருந்தார்கள் என்ற தகவலெல்லாம் சொல்லாகிக் கிடக்கிறது. ஆவணக் காப்பகத்தில் தேடினாலும் அந்தக் கஷாயக் காப்பி கிடைக்காது. இன்று பூன்ட்லிங்கைச் சரளமாகப் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அகராதியில் 'சார்ல்பால்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஒருவரைக் கூச்சப்பட வைப்பது, சங்கடப்படுத்துவது என்று பொருள். சார்லி பால் என்ற போமோ பழங்குடிக்காரர் ஒருவர் இருந்தார், மிகவும் கூச்ச சுபாவம், அவர் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். வெள்ளைக்காரக் குடியேறிகள் 1850களில் வந்து இறங்குவதற்கு முன்னால் பள்ளத்தாக்கு முழுவதும் யாருடையதாக இருந்ததோ, அந்த மக்களில் ஒருவர் ஊர் மொழிக்குள் நுழைந்த வழி இது. அவர் ஏன் கூசினார் என்று அகராதி சொல்வதில்லை.

இங்கே பரணுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பரண் இருந்தவர்கள்தான் அருங்காட்சியகத்துக்குப் பொருள் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மர அறுப்பு ஆலைகளுக்காக ஆர்கன்சாவிலிருந்தும் ஓக்லஹோமாவிலிருந்தும் இந்தப் பள்ளத்தாக்குக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆலை மூடினால் அடுத்த ஆலைக்கு நகர்ந்துவிடுவார்கள். இன்று பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்வது ஒயின். திராட்சைத் தோட்டங்களில் வெட்டுவதும் பறிப்பதும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். வாடகை வீட்டில் இருப்பவரிடம் மூன்று தலைமுறைச் சாமான் சேராது. யாரும் திட்டமிட்டு அவர்களை விலக்க வேண்டியதில்லை. வருவதை வாங்கி வைத்துக்கொள்வது என்ற அந்த நல்ல மனசே போதும், அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுவிடுவார்கள். சில சங்கங்கள் இப்போது பொருளுக்குக் காத்திராமல், ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்கின்றன. பரண் இல்லாத வீட்டிலும் வாய் இருக்கிறதே.

பள்ளிக்கூடம் என்ற கட்டடத்திலேயே ஒரு வடிகட்டி உண்டு. கலிஃபோர்னியச் சட்டம் பழங்குடி, சீன, ஜப்பானியப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைக்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்தது. 1924இல்தான் இன்னொரு பள்ளத்தாக்கில், பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில், இதில் ஒரு விரிசல் விழுந்தது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பிக் பைன் ஊரில், ஆலிஸ் பைப்பர் என்ற 15 வயதுப் பெண்ணைப் பழங்குடி என்பதால் ஊர்ப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அவளைச் சேர்க்கச் சொன்னது. ஆக, 1891இல் கட்டிய ஒரு பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்து 'அந்தக் காலப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது பார்' என்று சொல்லும்போது, அந்தக் காலத்தில் யாரால் அங்கே உட்கார முடிந்தது என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

பூன்வில்லுக்குப் போகும் 128ஆம் நெடுஞ்சாலை க்ளோவர்டேல் ஊரில் பிரிகிறது. அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் எல்சி ஆலன், 1899இல் பிறந்த போமோ பெண். அவருடைய முதல் பள்ளி இப்படி வீட்டிலிருந்து நடந்து போகும் ஓரறைப் பள்ளி இல்லை. பதினோரு வயதில் அவரை மெண்டசீனோ மாவட்டத்தின் மறுகோடியில், கோவலோவில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த மொழியைப் பேச அங்கே அனுமதி இல்லை.

எல்சி பிற்பாடு போமோ கூடை முடையும் கலையின் பெரிய ஆசிரியரானார். போமோ கூடைகள் உலகப் புகழ் பெற்றவை. தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னுவார்கள், குருவி இறகுகளை வைத்தே மேற்பரப்பு முழுவதையும் மூடுவார்கள். இன்றும் அந்த வட்டாரத்தின் அருங்காட்சியகங்களில் ஆட்கள் நின்று பார்ப்பது இவற்றைத்தான். பழங்குடிகளின் புனிதப் பொருள்களையும் எலும்புகளையும் உரியவர்களிடம் திருப்பித் தர 1990இல் மத்திய சட்டம் வந்தது. 2024 தொடக்கத்தில் அமலான புதிய விதிகளின்படி அத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கவே சம்மதம் வாங்க வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் சில, பெட்டிகளைத் துணி போட்டு மூடின. ஆனால் இந்தச் சட்டம் மத்திய அரசுப் பணம் பெறும் நிறுவனங்களுக்குத்தான். உண்டியல் காசில் ஓடும் பள்ளிக்கூட அருங்காட்சியகம் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் வராது. கேட்பதும் கேட்காததும் அங்கே சாவி வைத்திருப்பவரின் மனசைப் பொறுத்தது.

போமோ வழக்கப்படி, ஒரு பெண் இறந்தால் அவளுடைய கூடைகளும் அவளோடு போய்விட வேண்டும். எல்சி இளவயதில் முடைந்த கூடைகளும் இப்படி உறவினரோடு மண்ணுக்குள் போயிருந்தன. அவருடைய அம்மா ஆனி பர்க் கடைசிக் காலத்தில் மகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: என் கூடைகளை என்னோடு புதைக்காதே, வைத்துக்கொள், மற்றவர்கள் பார்க்கட்டும், கற்றுக்கொள்ளட்டும். ஆனி 1962இல் இறந்தார். எல்சி கூடைகளை வைத்துக்கொண்டார், வழக்கத்தை மீறியதற்காகச் சொந்தங்களிடம் பேச்சும் வாங்கினார். அந்தத் தொகுப்பு பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு வந்தது.